புன்னகை மன்னன் கம்ப்யூட்டரும், செத்த சிப்புக்கு உயிர் கொடுத்தவர்களும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்காத டெல்டாக்காரர் குறைவு. கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். கேட்டுக்கு இரண்டு பக்கமும் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கிவிடுவார். அந்த நேரத்தில் பஸ்ஸுக்குள் ஓடுவது பெரும்பாலும் எண்பதுகளின் பாட்டுதான். தனியார் பஸ் என்றால் சந்தேகமே வேண்டாம், இளையராஜா.

அப்படிக் காத்திருக்கும்போது 'புன்னகை மன்னன்' தீம் மியூசிக் வந்தால் கொஞ்சம் கவனித்துக் கேட்கலாம். தாளம் இம்மி பிசகாது. ஒலி கண்ணாடி டம்ளரைத் தட்டியது மாதிரி பளிச்சென்று இருக்கும். அந்தப் படத்தின் இசையில் மனிதர்களோடு சேர்ந்து ஒரு கம்ப்யூட்டருக்கும் பங்கு உண்டு.

அந்தக் கம்ப்யூட்டர் தயாரிப்பு நின்றுபோய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனால் அதற்குள் இருந்த ஒலி சிப்பை இன்றைக்கு ஒரு சாதாரண லேப்டாப்பில், இலவச மென்பொருளாக ஓட்டலாம். அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் சினிமாக்காரர்கள் இல்லை. இசைக்கலைஞர்களும் இல்லை. வீடியோ கேம் பைத்தியங்கள்! அது எப்படி நடந்தது, அதில் காப்பாற்றப்படாமல் போனது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

நன்னிலத்துக்காரர் படம்

1986 தீபாவளிக்கு வந்த படம் 'புன்னகை மன்னன்'. இயக்கம் கே.பாலசந்தர். அவர் பிறந்தது நன்னிலம் பக்கம். அன்றைக்குப் பிரிக்கப்படாத தஞ்சாவூர் ஜில்லா, இன்றைக்கு நீடாமங்கலம் இருக்கும் அதே திருவாரூர் மாவட்டம். படத்தில் கமல்ஹாசன் நடன ஆசிரியர். நாயகனே டான்ஸ் மாஸ்டர் என்பதால், இசையும் அந்தக் காலத்து மேற்கத்திய நடன இசையோடு போட்டி போட வேண்டிய கட்டாயம்.

இளையராஜா இதற்குப் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று யமஹா சிஎக்ஸ்5எம். பார்த்தால் தட்டச்சு இயந்திரத்தின் தம்பி மாதிரி இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர். 1984ல் வந்தது. டிவியில் சொருகித்தான் பார்க்க வேண்டும். நினைவகம் 32 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட்மார்னிங்' படம் அதில் அடங்காது. ஆனால் அதில் ஒரு இசைப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. ஒரே நேரத்தில் எட்டு குரல்களில் ஒலி எழுப்பும். கார்ட்ரிட்ஜில் வரும் மென்பொருளைச் செருகினால் திரையில் ஐந்து கோடு போட்ட ஸ்வரத்தாள் வரும். அதில் இசைக்குறிப்பை ஒவ்வொன்றாக ஏற்றி ஓடவிட வேண்டியதுதான். காகிதத்தில் ஸ்டாஃப் நோட்டேஷன் எழுதி வாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பது இளையராஜாவின் வழக்கம். அவருக்கு இந்தத் திரை ஒன்றும் புது மொழி இல்லை.

கம்ப்யூட்டரில் இசை அமைத்த முதல் இந்தியப் படம் என்று புன்னகை மன்னனைப் பலரும் சொல்வதுண்டு. 'முதல்' என்ற பட்டத்தைப் பற்றி எப்போதும் சண்டை இருக்கும், அதை விட்டுவிடலாம். தமிழ் ரசிகன் காதில் கம்ப்யூட்டர் இசை பெரிய அளவில் விழுந்தது அந்த வருடம்தான்.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. இளையராஜா குழுவில் சிறுவயதிலேயே கீபோர்டு வாசிக்க வந்தவர் திலீப். அப்பா ஆர்.கே.சேகர் 1976ல் காலமானபின், அவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்தத் திலீப்தான் பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான். 1992ல் அவருக்கு 'ரோஜா' வாய்ப்புக் கொடுத்த தயாரிப்பு நிறுவனமும் பாலசந்தரின் கவிதாலயாதான். தமிழ் சினிமா இசையில் எலக்ட்ரானிக்ஸ் நுழைந்த இரண்டு பெரிய வாசல்களிலும் ஒரு நன்னிலத்துக்காரர் நிற்கிறார்!

கமகத்தை வேகமாக்கினால் என்ன ஆகும்?

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒலி முறைக்குப் பெயர் எஃப்எம் சிந்தசிஸ். எஃப்எம் என்றதும் வானொலி ஞாபகம் வரும். அடிப்படைத் தத்துவம் அதேதான், ஆனால் இங்கே அலைகள் இரண்டும் காதுக்குக் கேட்கும் அளவிலானவை.

நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். வித்வான் ஒரு ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிறார். விநாடிக்கு ஐந்தாறு தடவை ஸ்வரம் மேலும் கீழும் ஆடுகிறது. காது அதை அசைவாகவே கேட்கிறது. அந்த அசைவை விநாடிக்கு நூறு, இருநூறு தடவை என்று ஏற்றிக்கொண்டே போனால்? மனிதனால் முடியாது, கம்ப்யூட்டரால் முடியும். ஒரு கட்டத்துக்கு மேல் காதுக்கு அசைவு தெரியாது. ஸ்வரத்தின் குணமே மாறிவிடும். வெறும் விசில் மாதிரி இருந்த ஒலி மணியாகும், பித்தளையாகும், மரக்கட்டையாகும்.

இதை 1967ல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் சௌனிங். பௌதிக விஞ்ஞானி இல்லை, இசைக்காரர். கம்ப்யூட்டரில் ஸ்வர அசைவை வேகமாக்கி விளையாடிக்கொண்டிருந்தபோது காதில் சிக்கியது. பல்கலைக்கழகம் இதை அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளிடம் கொண்டுபோனது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். யமஹா அனுப்பிய இளம் இன்ஜினியருக்கோ சில நிமிடங்களிலேயே புரிந்துவிட்டதாம். 1970களின் நடுவில் உரிமம் யமஹாவுக்குப் போனது. 1977ல் காப்புரிமை கிடைத்தது. அது காலாவதியாகும் வரை ஸ்டான்ஃபோர்டுக்கு வந்த வருமானம் 2 கோடி டாலருக்கு மேல். இதில் வேடிக்கை, இடையில் சௌனிங்குக்குப் பல்கலைக்கழகம் நிரந்தர வேலை தர மறுத்து அனுப்பிவிட்டது. பிறகு தானே திரும்ப அழைத்துக்கொண்டது :-)

1983ல் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டை இறக்கியது. விலை 1,995 டாலர். அதுவரை டிஜிட்டல் சிந்தசைசர் என்பது பெரிய ஸ்டுடியோக்கள் மட்டும் வாங்கக்கூடிய சமாச்சாரம். டிஎக்ஸ்7 ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. எண்பதுகளின் பாட்டுகளில் உலகம் முழுக்கக் கேட்கும் அந்த மணி மாதிரியான எலக்ட்ரிக் பியானோ, பெரும்பாலும் இதன் கைங்கர்யம்தான்.

மூணாறு தலைப்பு மாதிரி ஒரு சிப்

டிஎக்ஸ்7ல் ஒவ்வொரு குரலுக்கும் ஆறு அலை உற்பத்தி நிலையங்கள். அவற்றுக்கு ஆபரேட்டர் என்று பெயர். சிஎக்ஸ்5எம் அதன் சிக்கனப் பதிப்பு. குரலுக்கு நான்கு ஆபரேட்டர். இத்தனையும் ஒய்எம்2151 என்ற ஒரே சிப்பில் அடக்கம்.

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வெண்ணாற்றில் வரும் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்பதுதான் எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைத் தீர்மானிக்கிறது. சிப்பிலும் அப்படித்தான். நான்கு ஆபரேட்டர்களில் எது எதற்குள் பாய்வது, எது நேராக வெளியே போவது என்பதற்கு எட்டு விதமான வாய்க்கால் அமைப்பு. ஒவ்வொன்றையும் எவ்வளவு திறப்பது, எவ்வளவு வேகமாக மூடுவது என்பதற்கு எண்கள். அந்த எண்களின் தொகுப்புதான் ஒரு 'குரல்'. எண்ணை மாற்றினால் புல்லாங்குழல் ட்ரம்பெட் ஆகிவிடும்.

சிப் செய்தவர்கள் செய்த ஒரு தந்திரம் பிளஸ்டூ படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே: லாகரிதம் டேபிள். அந்தக் காலத்தில் சிப்புக்குள் பெருக்கல் செய்வது செலவு அதிகம், கூட்டல் மலிவு. அதனால் சைன் அலையின் மதிப்புகளை லாகரிதமாகவே ஒரு அட்டவணையில் போட்டுவைத்து, பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிக்கொண்டார்கள். விநாடிக்கு சுமார் 56,000 தடவை இந்தக் கணக்கு ஓடியது.

கேம் பைத்தியங்கள் வந்த கதை

இதே ஒய்எம்2151 சிப் இசைக்காக மட்டும் விற்கப்படவில்லை. காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் இயந்திரங்களில் கொத்துக் கொத்தாகப் போனது. 1984ல் அட்டாரியின் 'மார்பிள் மேட்னஸ்', புன்னகை மன்னன் வந்த அதே 1986ல் சேகாவின் 'அவுட் ரன்', 1991ல் கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. எல்லாவற்றிலும் பின்னணி இசை வாசித்தது இந்தச் சிப்தான்.

கேம் இயந்திரங்கள் பழுதாகிக் குப்பைக்குப் போக ஆரம்பித்தபோது, அவற்றை மென்பொருளாகக் காப்பாற்ற 1997ல் இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய திட்டம் 'மேம்'. உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்தார்கள். ஒலி இல்லாமல் கேம் ஏது? ஆகவே ஒய்எம்2151ஐயும் மென்பொருளில் எழுத வேண்டி வந்தது. ஜாரெக் புர்சின்ஸ்கி என்பவர் எழுதினார். வெளியே வரும் எண்களை நிஜ சிப்போடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட வேலை அது. பிறகு 2021ல் மேம் திட்டத்தின் பழைய கை ஆரன் கைல்ஸ், யமஹாவின் எஃப்எம் சிப் குடும்பத்தையே ஒரு தொகுப்பாக எழுதி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்.

இன்னும் சிலர் ஒரு படி மேலே போனார்கள். சிப்பின் மேலுறையை நீக்கி, உள்ளே இருக்கும் சிலிக்கானை மைக்ரோஸ்கோப்பில் படம் பிடித்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராகப் படித்தார்கள். டிஎக்ஸ்7ன் ஒலி சிப்பை 2021ல் அப்படிப் பிரித்துப் படித்து விளக்கியவர் அமெரிக்காவின் கென் ஷிரிஃப். லாகரிதம் அட்டவணை வரை அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்காட்டினார்.

இசை உலகமும் சும்மா இருக்கவில்லை. பெர்லினின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2001ல் எஃப்எம்7 என்ற மென்பொருளை விற்றது. டிஎக்ஸ்7ன் பழைய குரல்களை அப்படியே உள்ளே ஏற்றலாம் என்பதுதான் அதன் விற்பனை மந்திரம். 2005ல் கோர்க் கம்பெனி, தன் சொந்த எம்1 கீபோர்டையே (1988 மாடல்) மென்பொருளாக விற்றது. ரோலண்ட் 2017ல் டி-50க்கு அதையே செய்தது. தொழிற்சாலை வேண்டாம், சரக்கு வேண்டாம், கப்பல் வாடகை வேண்டாம். முப்பது வருடம் முன்பே செலவழித்து முடித்த ஆராய்ச்சிக்கு மறுபடி ஒரு அறுவடை. இன்னொரு பக்கம் டெக்ஸெட் என்ற மென்பொருள் டிஎக்ஸ்7ஐ இலவசமாகவே கொடுக்கிறது. அதன் மையப்பகுதி, கூகுளில் இருந்த ராஃப் லீவியன் ஆண்ட்ராய்டுக்காக எழுதித் திறந்துவிட்ட நிரல்.

கணக்கு டேலி ஆனால் போதுமா?

பழைய அனலாக் கருவியை மென்பொருளாக்குவது கஷ்டம். அதில் சூடு, பழைய கெப்பாசிட்டர், வோல்டேஜ் ஏற்ற இறக்கம் எல்லாம் ஒலியை மாற்றும். டிஜிட்டல் கருவி அப்படி இல்லை. அது செய்வதே கூட்டல் கணக்கு. அதே கணக்கை அதே வரிசையில் போட்டால் அதே விடைதான் வர வேண்டும். பேரேட்டை நகல் எடுத்தால் இருப்பாய்வு பைசா சுத்தமாக டேலி ஆவது மாதிரி.

ஆனால் நடைமுறையில் ஒரு விசித்திரம் நடந்தது. முதலில் வந்த பல மென்பொருள்கள் கணக்கை அசலை விட நன்றாகப் போட்டுவிட்டன. பழைய சிப் இடம் பத்தாமல் எண்களைச் சுருக்கியது. எண்ணை மின்சாரமாக மாற்றும் கடைசிப் படியிலும் சிக்கனம். ஒய்எம்2151க்குத் துணையாக வந்த மாற்றி சிப், ஒவ்வொரு மதிப்புக்கும் 10 பிட் எண்ணும் 3 பிட் அளவுகோலும் மட்டும் வாங்கிக்கொண்டது. அதனால் ஒலியில் லேசான கரகரப்பு, ஒரு மெல்லிய இரைச்சல். மென்பொருளில் இந்தக் குறை இல்லை. கேட்டவர்கள் சொன்னது: 'சுத்தமாக இருக்கிறது, ஆனால் அது இல்லை.'

டெக்ஸெட் மென்பொருளில் இன்றைக்கு 'மார்க் 1' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அழுத்தினால் நவீனத் துல்லியம் போய், பழைய டிஎக்ஸ்7ன் சிக்கனக் கணக்கு வரும். எண்பதுகளில் யமஹா இன்ஜினியர்கள் வேறு வழி இல்லாமல் விட்ட குறையை, இன்றைய புரோகிராமர்கள் மெனக்கெட்டு எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்!

இதில் டெல்டாக்காரர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே அந்த இசையை யாரும் ஸ்டுடியோ தரத்தில் கேட்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தலில் ரேடியோ செட்காரர் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்டார்கள். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, பதிந்து வாங்கிய கேசட்டில் கேட்டார்கள். அந்தக் கேசட் தேயத் தேய ஸ்வரமும் கொஞ்சம் நடுங்கும். சிப் போட்ட இம்மி பிசகாத கணக்கு நீடாமங்கலம் டீக்கடைக்கு வந்து சேரும்போது, கொஞ்சம் பிசகித்தான் வந்தது. மனதில் தங்கியிருக்கும் 'புன்னகை மன்னன் ஒலி' அந்தப் பிசகையும் சேர்த்துத்தான். அதற்கு எந்த மென்பொருளிலும் பொத்தான் இல்லை.

காப்பாற்றப்படாதது எது?

சரி, சிப் கிடைத்துவிட்டது. அது இருந்த எம்எஸ்எக்ஸ் ரகக் கம்ப்யூட்டர்களுக்கும் ஓப்பன்எம்எஸ்எக்ஸ் என்ற இலவச எமுலேட்டர் இருக்கிறது. அப்படியானால் 1986ன் அந்த இசையை அப்படியே மறுபடி ஓடவிடலாமா?

முடியாது. சிப் என்பது ஆள் இல்லாத நாகஸ்வரம் மாதிரி. அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட பாட்டு வர வேண்டுமென்றால் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, எந்த ஸ்வரம் எப்போது என்ற வரிசை. இரண்டு, எந்தக் குரல் என்ற எண்களின் தொகுப்பு. முதலாவதைக் காதால் கேட்டு எழுதிவிடலாம். நல்ல கீபோர்டு வாத்தியார்கள் தினமும் செய்வதுதான். இரண்டாவதுதான் பிரச்சினை. ஸ்டாஃப் நோட்டேஷன் தாளில் 'சா' எங்கே என்று இருக்கும். அந்த 'சா'வைப் பாடும் குரலின் நான்கு ஆபரேட்டர்களுக்கு என்ன எண் என்று இருக்காது. பாடல் மிக்ஸ் ஆகி ஒரே ஒலிநாடாவில் கலந்தபின், பாயசத்திலிருந்து வெல்லத்தைப் பிரிப்பது போலத்தான்.

கேம்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கேமின் இசை முழுவதும், குரல் எண்கள் உட்பட, இயந்திரத்தின் ரோம் சிப்பிலேயே இருந்தது. சிப்பைப் படித்தால் எல்லாம் வந்துவிடும். அதனால்தான் 'அவுட் ரன்' இசை 1986ல் ஒலித்த மாதிரியே இன்றும் புதிதாகக் கணக்கிடப்பட்டு ஒலிக்கிறது. அதே வருடத்துத் தமிழ்ப் படத்தின் இசை பதிவாக மட்டும்தான் கேட்கக் கிடைக்கிறது. ஒரே சிப், ஒரே ஆண்டு. வித்தியாசம் மூலத்தரவு எங்கே வைக்கப்பட்டது என்பதில் மட்டும்.

இத்தனைக்கும் அந்தத் தரவு எவ்வளவு சிறியது தெரியுமா? டிஎக்ஸ்7ன் ஒரு குரல் 128 பைட். ஒரு கார்ட்ரிட்ஜில் இருக்கும் 32 குரல்களும் சேர்ந்து 4,096 பைட். யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக் குறியீடு 3 பைட் பிடிக்கும். அதாவது இந்தப் பத்தியின் முதல் வரியைச் சேமிக்கும் இடத்தில் ஒரு முழு வாத்தியத்தைச் சேமித்துவிடலாம்.

அதே சமயம் அவ்வளவு சுலபமாக அழியவும் செய்யும். டிஎக்ஸ்7 தன் குரல்களை ஒரு சிறு லித்தியம் பேட்டரியின் தயவில்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் குரல்களும் போச்சு. சிஎக்ஸ்5எம் தன் தரவை எழுதியது சாதாரண ஆடியோ கேசட்டில். எண்பதுகளின் கேசட் ஈரக்காற்றில் பூசணம் பிடித்தால் என்ன ஆகும் என்று காவிரிக் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊருக்கு இது பழைய பாடம்தான். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றால் தவில் உலகமே எழுந்து நிற்கும். அவர் வாசித்த கச்சேரிகளோடு ஒப்பிட்டால் பதிவாகிக் கிடைப்பது சொற்பம். ஆனால் அந்தக் கலைக்குச் சீடர்கள் இருந்தார்கள். கை விரலிலிருந்து கை விரலுக்குச் சொல் இறங்கியது. சிந்தசைசர் குரலுக்கு அந்த வழி இல்லை. எண் போனால் போனதுதான், எந்தச் சீடனுக்கும் காதால் கேட்டு அதை அப்படியே எட்ட முடியாது.

எண்பது தொண்ணூறுகளில் சென்னை ஸ்டுடியோக்களிலும், கோயில் திருவிழா மேடைகளில் பாட்டுக் கச்சேரி நடத்திய மெல்லிசைக் குழுக்களிலும் கீபோர்டு வாசித்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. தாங்களே திருத்தி வைத்த குரல்கள் சிலரிடமாவது கார்ட்ரிட்ஜாக, கேசட்டாக, ஃப்ளாப்பியாகப் பரண் மேல் இருக்கும். மதிப்புப் போட்டால் பழைய இரும்புக் கடை விலை கூட வராது. ஆனால் ஓட்டிப் பார்க்க வேண்டிய மென்பொருள் இப்போது இலவசமாகத் தயாராக இருக்கிறது. கீபோர்டு வேலை செய்தால், ஒரு மிடி கேபிளைச் சொருகி 32 குரல்களையும் லேப்டாப்புக்கு மாற்ற இரண்டு விநாடி போதும்.

யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒரு கீபோர்டு இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் அந்த இரண்டு விநாடியைச் செலவழிக்கலாம். பேட்டரி மாற்றுவதாக இருந்தால், மாற்றிய பிறகு அல்ல, மாற்றுவதற்கு முன்பு!